காத்திருக்கத் தெரிந்த மருத்துவர்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை ரோபோ துணையுடன் செய்வதாக அறிவிக்கும் விளம்பரப் பலகைகள் நம் பெருநகரச் சாலைகளில் இப்போது சாதாரணமாகிவிட்டன. மூட்டுத் தேய்மானத்தால் மாடிப்படி ஏற முடியாமலும், தரையில் அமர்ந்தால் எழ முடியாமலும் தவிக்கும் முதியவர்கள் அவற்றை நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் செலவைக் கணக்கிடுகிறார்கள். ரோபோ என்றதும், மருத்துவர் ஒதுங்கி நிற்க இயந்திரம் தானே அறுவை செய்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. உண்மை அதுவன்று. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில், நோயாளியின் மூட்டை முன்கூட்டியே படம் பிடித்து முப்பரிமாண வரைபடமாக்குகிறார்கள். எலும்பை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை மில்லிமீட்டர் சீவ வேண்டும் என்பது அதில் திட்டமிடப்படுகிறது. தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் பொருத்தப்பட்ட குறிகளைக் கேமரா ஒன்று இடைவிடாது கவனிக்கிறது. ரம்பத்தைத் தாங்கியிருக்கும் இயந்திரக் கரம், திட்டமிட்ட எல்லையைத் தாண்டி அது நகராதபடி தடுக்கிறது. ரம்பத்தைச் செலுத்தும் கை மருத்துவருடையதே.

இந்தத் துல்லியம் வியக்கத்தக்கதுதான். ஆனால், எலும்பைச் சீவி முடித்த பிறகு ரோபோ அறையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. நோயாளியின் உடலுக்குள் தங்கி, அவருடைய ஆயுள் முழுவதும் அவரது எடையைச் சுமப்பவை வேறு பொருள்கள்: வழவழப்பான ஓர் உலோகம், அது உரசி நகர்வதற்கான வெண்ணிறப் பிளாஸ்டிக், பெரும்பாலான அறுவைகளில் இரண்டையும் எலும்போடு பிணைக்கும் ஒருவகைச் சிமென்ட். இந்தக் கூட்டணி உருவானது நவீன ஆய்வகம் எதிலும் அன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், காசநோயாளிகளுக்காகக் கட்டப்பட்டிருந்த ஒரு பழைய மருத்துவமனையில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அது உருவாயிற்று. அதற்குக் காரணமான ஜான் சார்ன்லி முழங்காலால் புகழ் பெற்றவர் அல்லர். அவர் வென்றது இடுப்பு மூட்டை. ஆயினும் அவர் வாழ்வை அறியாமல் இன்றைய முழங்கால் அறுவையின் நிறைகுறைகளை எடைபோட முடியாது.

சார்ன்லி 1911 ஆகஸ்ட் 29 அன்று லங்காஷயரில் உள்ள பெரி என்னும் ஊரில் பிறந்தார். நூற்பாலைகளும் நெசவாலைகளும் நிறைந்த வட்டாரம் அது. தந்தை மருந்துக்கடை நடத்தியவர். தாய் செவிலியர் பயிற்சி பெற்றவர். மான்செஸ்டரில் மருத்துவம் பயின்று 1935-இல் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே, 25-ஆவது வயதில், அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியையும் பெற்றுவிட்டார். அந்த வயதில் அத்தகுதியைப் பெறுவது அரிது. படிப்பில் கெட்டிக்காரர் என்பதைவிட, கையில் கருவி இருந்தால்தான் மூளை வேலை செய்யும் இயல்பினர் என்று அவரைச் சொல்வது பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, டன்கர்க் கடற்கரையிலிருந்து வீரர்களை மீட்ட பணியில் பங்கேற்றார். பின்னர் எகிப்தின் கெய்ரோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே காயமுற்ற வீரர்களுக்கான தாங்குகட்டைகளையும் அறுவைக் கருவிகளையும் வடிவமைக்கும் பட்டறை அவருக்குப் பிடித்த இடமாயிற்று. கொல்லரோடும் தச்சரோடும் சமமாக நின்று பேசும் பழக்கம் அங்கே உறுதிப்பட்டிருக்க வேண்டும். பின்னாளில் அதுதான் அவரைக் காப்பாற்றியது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், ஹாரி பிளாட் என்ற புகழ்பெற்ற எலும்பு அறுவை மருத்துவரின் ஊக்கத்தால் அத்துறையில் காலூன்றினார். 1946-இல் ஆஸ்வெஸ்ட்ரியில் உள்ள எலும்பு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தபோது அவர் செய்த ஒரு காரியம் அவருடைய இயல்பைக் காட்டுகிறது. எடுத்து ஒட்டப்படும் எலும்புத் துண்டு எப்படி உயிர்பிடிக்கிறது என்பதில் அவருக்கு ஓர் ஐயம் இருந்தது. இளநிலை மருத்துவர் ஒருவரை இணங்கச் செய்து, தம்முடைய கீழ்க்கால் எலும்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து மீண்டும் ஒட்டச் சொன்னார். காயத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டு எலும்பு சீழ்பிடித்தது. மீண்டும் அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அறிவியல் ஆர்வம் என்று இதைப் பாராட்டுவதா, அசட்டுத் துணிச்சல் என்று கண்டிப்பதா என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம். தம் உடலைச் சோதனைக்களமாக்கியது அதுவே கடைசித் தடவையும் அன்று.

முழங்காலோடு அவருக்கிருந்த முதல் உறவு, அதை மாற்றுவதில் தொடங்கவில்லை, பூட்டுவதில் தொடங்கியது. அந்நாளில் மூட்டுவாதத்தாலோ காசநோயாலோ சிதைந்த முழங்காலுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்த சிறந்த உதவி, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றாக இணைத்து மூட்டே இல்லாமல் செய்துவிடுவதுதான். வலி போய்விடும், கால் வாழ்நாள் முழுவதும் மடங்காது. பேருந்தில் அமரும்போதும் அந்தக் கால் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி இணைப்பதற்கும் மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு கிடக்க வேண்டும். எலும்பு முனைகள் இரண்டையும் திருகு பொருத்திய கம்பிகளால் இறுக்கி அழுத்தினால் அவை விரைவில் கூடும் என்று சார்ன்லி காட்டினார். 1948-இல் அவர் வெளியிட்ட இந்த முறை உலகெங்கும் பின்பற்றப்பட்டது. எலும்பு முறிவை அறுவையின்றிச் சீராக்குவது பற்றி 1950-இல் அவர் எழுதிய நூல் தலைமுறை தலைமுறையாக மாணவர்களின் கையேடாக விளங்கியது. அவர் அத்தோடு நின்றிருந்தாலும் மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அவருடைய பாதையைத் திருப்பியது ஒரு கீச்சொலி. பிரான்ஸைச் சேர்ந்த ஜூடே சகோதரர்கள், தேய்ந்த தொடை எலும்பின் பந்துமுனையை அகற்றி, அக்ரிலிக்கால் ஆன பந்தைப் பொருத்தும் முறையை அப்போது பரப்பியிருந்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் அசையும்போதெல்லாம் இடுப்பிலிருந்து கீச்சென்ற ஒலி எழுந்தது. உணவு மேசையில் அவர் குனியும்போது எழும் அந்த ஒலியைப் பொறுக்க முடியாமல் அவருடைய மனைவி எழுந்து போய்விடுவாராம். கேட்பவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய செய்தி இது. சார்ன்லி சிரிக்கவில்லை. ஒலி எழுகிறது என்றால் உராய்வு மிகுதியாக இருக்கிறது. உராய்வு மிகுதியாக இருந்தால் பந்து எலும்பிலிருந்து விரைவில் தளர்ந்துவிடும். அப்படியானால் இயற்கையான மூட்டில் உராய்வு எவ்வளவு?

இதை அளந்து பார்க்க அவர் பொறியாளர்களை நாடினார். நல்ல நிலையில் உள்ள குருத்தெலும்புப் பரப்புகளுக்கு இடையிலான உராய்வு, பனிக்கட்டியின்மீது சறுக்கும் இரும்புத் தகட்டின் உராய்வைவிடக் குறைவு என்பது தெரியவந்தது. அந்த வழுக்கலுக்கு மூட்டுக்குள் இருக்கும் திரவம் மட்டுமே காரணம் அன்று, குருத்தெலும்பின் தன்மையும் காரணம் என்ற முடிவுக்கும் அவர் வந்தார். ஆகவே, உலோகத்தையோ அக்ரிலிக்கையோ உள்ளே வைத்துவிட்டு உடலின் திரவம் அதற்கு எண்ணெயிடும் என்று எதிர்பார்ப்பது வீண். தானாகவே வழுக்கும் பொருள் ஒன்றைத் தேட வேண்டும்.

அப்படிக் கிடைத்ததுதான் டெஃப்லான். இன்று நம் சமையலறைகளில் ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சாகப் பழகிவிட்ட அதே பொருள். தேய்ந்துபோன இடுப்புக் குழியில் டெஃப்லான் கிண்ணத்தைப் பதித்து, அதற்குள் சுழலும்படி எஃகுப் பந்து ஒன்றைத் தொடை எலும்பில் பொருத்தினார். பந்தைச் சரியாக நிறுத்த அவருக்குச் சிமென்ட் தேவைப்பட்டது. செயற்கைப் பற்கள் செய்யப் பயன்படும் அக்ரிலிக்கை முயன்று பார்க்கும்படி மான்செஸ்டர் பல் மருத்துவமனையைச் சேர்ந்த டென்னிஸ் ஸ்மித் என்னும் வேதியியலாளர் ஆலோசனை கூறினார். சார்ன்லி அதை ஒட்டும் பசையாக அன்றி, செங்கல் இடுக்குகளை நிரப்பும் சாந்தைப்போலக் கையாண்டார்: எலும்பின் நுண்ணிய துளைகளுக்குள் நெருக்கி நிரப்பினால் சுமை எங்கும் சமமாகப் பரவும். மற்றவர்கள் இயற்கையைப் பின்பற்றிப் பெரிய பந்தையே வைத்தபோது, அவர் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னஞ்சிறு பந்துக்கு இறங்கினார். பந்து சிறிதானால் கிண்ணத்தைத் திருகி அசைக்கும் விசை குறையும் என்பது அவருடைய கணக்கு. பார்ப்பதற்கு இயற்கைக்கு மாறானது, இயக்கவியலுக்கு உகந்தது.

செயற்கை இடுப்பை முதலில் எண்ணியவர் அவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் 1890-லேயே யானைத் தந்தத்தால் முழங்கால் மூட்டு செய்து பொருத்தினார். 1938-இல் லண்டனில் ஃபிலிப் வைல்ஸ் எஃகு இடுப்பை முயன்றார். நார்விச் நகரில் கென்னத் மெக்கீ, சார்ன்லியின் காலத்திலேயே உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். துணிந்தவர்கள் பலர் இருந்தார்கள். துணிந்த பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொரு நோயாளியையும் விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததில்தான் சார்ன்லி வேறுபட்டார்.

அதற்காகவே மான்செஸ்டர் அரச மருத்துவமனையின் பெருமைமிக்க சூழலிலிருந்து விலகி, விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டனில் இருந்த காசநோய் மருத்துவமனையை நாடினார். மருந்துகளால் காசநோய் பின்வாங்கத் தொடங்கியிருந்ததால் அங்கே படுக்கைகள் காலியாகிக்கொண்டிருந்தன. 1961-இல் அங்கே இடுப்பு அறுவைக்கென்றே தனி மையம் உருவாயிற்று. கூடவே ஒரு பட்டறையும் உருவாயிற்று. ஹாரி கிரேவன் என்ற இளம் தொழில்நுட்பர் அதன் பொறுப்பில் இருந்தார். சார்ன்லியின் வீட்டிலும் ஒரு கடைசல் இயந்திரம் இருந்தது. மருத்துவர் தாமே கிண்ணங்களைக் கடைந்தார். 46-ஆவது வயதில், 1957-இல், மணம் செய்துகொண்டவர் அவர். வீட்டில் மாலைப்பொழுதுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

முதல் முடிவுகள் அற்புதமாக இருந்தன. ஆண்டுக்கணக்கில் தடியூன்றி நடந்தவர்கள் வலியின்றி எழுந்து நடந்தார்கள். ஏறத்தாழ 300 பேருக்கு டெஃப்லான் கிண்ணம் பொருத்தப்பட்டது. உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கிய அந்த நேரத்தில்தான், பின்தொடர்ந்து எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படங்களில் பந்து கிண்ணத்துக்குள் மெல்ல மெல்ல இறங்குவது தென்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் வேகமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுக்களில் கட்டிகளை உண்டாக்கி எலும்பை அரித்தன. நன்றி சொல்லிப் போனவர்கள் வலியோடு திரும்பி வந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக மீண்டும் அறுவை மேசையில் கிடத்தித் தாம் வைத்ததைத் தாமே அகற்ற வேண்டிய நிலை. இரவில் உறக்கமின்றி, தலையைக் கைகளில் தாங்கியபடி அவர் கட்டிலில் அமர்ந்திருந்ததை அவருடைய மனைவி நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தத் தோல்வியை அவர் மறைத்திருக்க முடியும். அன்று மூட்டுகளைப் பதிவு செய்யும் சட்டம் இல்லை, கேட்க ஆளில்லை. பொருள் சற்று மட்டமானது, நோயாளி அதிகம் நடந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் டெஃப்லானைக் கைவிட்டு, அதற்கான காரணத்தை மருத்துவ இதழில் வெளிப்படையாக எழுதினார். அந்தக் காரணத்தை அவர் கண்டறிந்த விதமும் விசித்திரமானதே. டெஃப்லான் துகள்களையும், அதற்கு மாற்றாகக் கருதிய பொருளின் துகள்களையும் தம் தொடையில் தாமே ஊசியால் செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். டெஃப்லான் செலுத்திய இடங்களில் கட்டிகள் தடவினால் தெரியும் அளவுக்குத் திரண்டு நின்றன. மற்ற இடங்களில் அப்படி எதுவும் தென்படவில்லை.

அந்த மாற்றுப் பொருள் வந்த கதையில் மருத்துவரைவிடப் பட்டறைக்காரரின் பங்கே பெரிது. 1962-ஆம் ஆண்டு மே மாதத்தில் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளின் தறிகளில் பல்சக்கரங்கள் செய்யப் பயன்படும் புதுவகைப் பிளாஸ்டிக் ஒன்று அவர் கையில் இருந்தது. அது மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். கிரேவன் அதன் ஒரு துண்டை வாங்கிச் சார்ன்லியிடம் காட்டினார். அவர் நகத்தால் அழுத்திப் பார்த்தார். இது உதவாது என்று ஒதுக்கிவிட்டுக் கோபன்ஹேகனில் நடந்த மாநாட்டுக்குக் கிளம்பிவிட்டார். கிரேவன் அதைத் தூக்கி எறியவில்லை. தேய்மானத்தைச் சோதிக்கத் தாம் அமைத்திருந்த இயந்திரத்தில் அதைப் பொருத்தி இரவும் பகலும் ஓடவிட்டார். சார்ன்லி ஊர் திரும்பியபோது ஓர் அளவீடு அவருக்காகக் காத்திருந்தது. டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட, இந்தப் பிளாஸ்டிக் மூன்று வாரங்கள் ஓடியும் தேய்ந்திருக்கவில்லை.

தலைமை மருத்துவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை ஒரு தொழில்நுட்பர் சோதித்துப் பார்க்கக்கூடிய இடமாக அந்தப் பட்டறை இருந்ததற்கும், அந்த மருத்துவர் திரும்பி வந்து அளவீட்டின்முன் தலைவணங்கியதற்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். சார்ன்லி பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர் அல்லர். அறுவை அறையில் கடுகடுப்பவர், உடன் பணியாற்றுவோரைப் பாடாய்ப் படுத்துபவர் என்பதே அவரைப் பற்றிய சித்திரம். அப்படிப்பட்டவர் எண்களிடம் மட்டும் வாதாடியதில்லை.

1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்தை முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தினார். இம்முறை அவர் அவசரப்படவில்லை. உலகெங்கும் மருத்துவர்கள் அந்த மூட்டைக் கேட்டு எழுதினார்கள். உலோகப் பகுதியைத் தயாரித்த லீட்ஸ் நகரத் தாக்ரே நிறுவனத்துக்கும் அது பெரும் வணிக வாய்ப்பு. சார்ன்லி இணங்கவில்லை. சில ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்துத் தேய்மானத்தை அளக்காமல் பொது விற்பனைக்கு விடக்கூடாது என்றார். பிறகும்கூட, ரைட்டிங்டனுக்கு நேரில் வந்து அறுவை முறையைக் கற்றவர்களுக்கே மூட்டு வழங்கப்பட்டது. இந்தக் கட்டுப்பாட்டால் அந்த ஆண்டுகளில் வலியோடு காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். சார்ன்லி அதை அறியாதவர் அல்லர். ஆனால், டெஃப்லான் முந்நூறு பேரோடு நின்றதற்குக் காரணம் அது அவருடைய மருத்துவமனையைத் தாண்டிப் பெரிதாகப் பரவாததே என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

காத்திருந்த அந்த ஆண்டுகளில் அவர் இன்னொரு பகையோடு மல்லுக்கு நின்றார். செயற்கை மூட்டைச் சுற்றிக் கிருமித்தொற்று ஏற்பட்டால் மூட்டையே பிடுங்கியெறிய வேண்டியிருக்கும். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு அப்படி நேர்ந்தது. காற்றில் மிதக்கும் கிருமிகளே காரணம் என்று ஐயுற்ற அவர், காற்று வடிகட்டும் தொழிலில் இருந்த ஹவர்த் என்பவரின் துணையோடு, அறுவை மேசையைச் சுற்றிக் கண்ணாடிக் கூடாரம் ஒன்றை அமைத்தார். வடிகட்டிய காற்று மேலிருந்து ஓயாமல் இறங்கியது. அறுவை செய்வோர் மூச்சுக்காற்றை வெளியே உறிஞ்சும் முழு உடையணிந்து நின்றார்கள். பார்த்தவர்கள் ஏளனம் செய்தார்கள். தொற்று படிப்படியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. மூட்டு மாற்று அறுவைக்கான இன்றைய காற்றோட்ட அறைகளெல்லாம் அந்தக் கூடாரத்தின் வாரிசுகளே.

இனி முழங்காலுக்கு வருவோம். சார்ன்லியிடம் பயில வந்தவர்களில் கனடாவைச் சேர்ந்த ஃபிராங்க் கன்ஸ்டனும் ஒருவர். பொறியியலும் மருத்துவமும் கற்றவர். அதே உலோகம், அதே பாலிஎத்திலீன், அதே சிமென்ட். இவற்றை முழங்காலுக்குக் கொண்டுபோனால் என்ன என்று அவர் முயன்றார். கதவுக் கீலைப்போல ஒரே அச்சில் மடங்கும் பழைய செயற்கை முழங்கால்கள் விரைவில் தளர்ந்து போயின. உண்மையான முழங்கால் உருண்டும் சறுக்கியும் மடங்குகிறது. அதைப் பின்பற்றும் மூட்டை 1968-இல் ரைட்டிங்டனில் பொருத்தினார் கன்ஸ்டன். சார்ன்லியும் பின்னர் முழங்கால் மூட்டு ஒன்றை வடிவமைத்தார். பிளாஸ்டிக்கை மேலேயும் உலோகத்தைக் கீழேயும் வைத்த அந்த வடிவம் நிலைக்கவில்லை. 1970-களில் நியூயார்க்கில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், சித்தரஞ்சன் ராணாவத் ஆகியோர் உருவாக்கிய மூட்டே இன்றைய முழங்கால்களுக்கு முன்மாதிரியாயிற்று. ராணாவத் நம் நாட்டில் பிறந்தவர். பிரதமராக இருந்த வாஜ்பாயின் இரு முழங்கால்களையும் 2000-இலும் 2001-இலும் மும்பையில் மாற்றியவர் அவரே. மூட்டு மாற்று என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்ததில் அந்த இரண்டு அறுவைகளுக்கும் பங்குண்டு.

ரோபோ இந்தக் கதைக்குள் வந்தது சார்ன்லி மறைந்து பத்தாண்டுகள் கழித்து. 1992-இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில், நாய்களிடம் சோதிக்கப்பட்ட ரோபோ ஒன்று மனிதரின் தொடை எலும்பைக் குடைந்து செயற்கை இடுப்புக்கு இடம் அமைத்தது. மருத்துவர் கையால் குடைவதைவிட அது துல்லியமாகவே இருந்தது. ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் அதை ஆர்வத்தோடு வாங்கின. சில ஆண்டுகளில் தசையும் நரம்பும் பாதிக்கப்பட்டதாக நோயாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ரோபோ அங்கே ஓரங்கட்டப்பட்டது. எலும்பில் துல்லியமாக இருந்த கருவி, எலும்பைச் சுற்றியிருந்தவற்றைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

இன்றைய ரோபோக்கள் அவற்றைவிடப் பலமடங்கு மேம்பட்டவை. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு நிறைவடைவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்லிவருகின்றன. கோணப் பிழைகளைக் குறைத்தால் அந்த எண்ணிக்கை குறையக்கூடும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. திட்டத்துக்கு நெருக்கமாக எலும்பைச் சீவ ரோபோ உதவுகிறது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. அதனால் வலி குறைகிறதா, மூட்டு கூடுதல் ஆண்டுகள் நீடிக்கிறதா என்ற கேள்விகளுக்குத்தான் இன்னும் ஐயத்துக்கிடமற்ற விடை கிடைக்கவில்லை. 2017-இல் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. ரோபோவைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் அந்த வரம்புக்குள் வராது. தந்தையின் முழங்காலுக்காக நகையை அடகு வைக்கும் மகன், தான் கூடுதலாகத் தரும் பணம் எதற்கு என்று கேட்டால், பத்தாண்டு விவரத்தைக் காட்டிப் பதில் சொல்ல மருத்துவரால் இயல வேண்டும்.

அந்த விவரம் திரள வேண்டுமானால் நோயாளிகளை எண்ண வேண்டும். சுவீடன் 1975-லேயே முழங்கால் மாற்றுகளுக்கு நாடளாவிய பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 2003 முதல் பதிவு நடக்கிறது. எந்த மூட்டு, யாருக்கு, எப்போது வைக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அங்கே தெரியும். நம் நாட்டில் மூட்டு அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேட்டைப் பேணி வருகிறது. அதில் விவரம் தருவது அவரவர் விருப்பம். இதன் விலை என்னவென்பது 2010-இல் தெரிந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு, உடலுக்குள் நச்சுத் துகள்களைக் கலப்பதாகக் கண்டறியப்பட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதன் தேய்மானத்தை முதலில் காட்டிக்கொடுத்தவை ஆஸ்திரேலியா, இங்கிலாந்து நாடுகளின் பதிவேடுகள். இந்தியாவில் அது ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. இழப்பீடு வழங்க அரசு குழு அமைத்தபோது, அவர்களில் பெரும்பகுதியினர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டறிய இயலவில்லை.

ரைட்டிங்டனில் அப்படி நேர வழியில்லை. சார்ன்லி தம் நோயாளிகளை ஆண்டுதோறும் வரவழைத்தார்; வலி, நடை, மூட்டின் அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டார்; எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானத்தை மில்லிமீட்டரின் பின்னங்களில் குறித்தார். அத்தோடு விடவில்லை. இறந்த பிறகு தங்கள் செயற்கை மூட்டை எடுத்து ஆராய ஒப்புதல் தருமாறு உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டார். கேட்பதற்குத் தயக்கம் தரும் கோரிக்கைதான். நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்து ஓய்ந்த அந்த எளிய மக்களில் பலர் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

விருதுகள் வரிசையாக வந்தன. 1974-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது. 1975-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, அறுவை மருத்துவர்களுக்கு எளிதில் வாய்க்காதது. 1977-இல் சர் பட்டம். நோபல் பரிசு வரவில்லை. 1982 ஆகஸ்ட் 5 அன்று, 71-ஆவது வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தபோது, அவர் காலமானார். பாலிஎத்திலீன் கிண்ணத்தின் தொடக்ககால நோயாளிகளுக்கு அப்போது இருபதாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த ஏடுகளை மூடவில்லை. 2009-இல் ரைட்டிங்டன் மருத்துவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு 30 முதல் 40 ஆண்டுகள் ஆன பிறகும் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தவர்களைப் பற்றியது அது. அறுவை நடந்தபோது அவர்களில் பலர் நடுவயதைத் தாண்டாதவர்கள். இப்போது முதுமை எய்தியிருந்த அவர்கள், குறித்த நாளில் மருத்துவமனைக்கு வந்து, எக்ஸ்ரே மேசையில் படுத்து, தேய்மானத்தை அளக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.